கோலமும் காவலும்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். “அரசிடம் எழுத்தாளனுக்கு வேண்டியது ஒன்றுமில்லை, அது விலகி நின்றால் போதும்.” விருது வேண்டாம், நூலக ஆணை வேண்டாம், வாரியப் பதவி வேண்டாம், எழுதவிடு, அவ்வளவுதான் என்னும் தன்மான வாக்கியம் இது. கேட்கும்போதே நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நாங்களும் இதைச் சொல்லியிருக்கிறோம். கூட்டறிக்கைகளில் எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறோம். இப்போது இது பிழையான வாக்கியம் என்று கருதுகிறோம். பிழை மட்டுமன்று, அரசுக்கு மிகவும் வசதியான பிழை. ஏன் அப்படிக் கருதுகிறோம் என்பதைச் சொல்ல, எங்களுக்கு அண்மையிலுள்ள பெசன்ட் நகரிலிருந்தே தொடங்கலாம்.

2019 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி 13. குடியுரிமைத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்குக் கதவைத் திறந்து, இஸ்லாமியரை வெளியே நிறுத்திய சட்டம் அது. இலங்கையிலிருந்து வந்து பல பத்தாண்டுகளாக முகாம்களில் காலம் கழிக்கும் தமிழருக்கும் அதில் இடமில்லை. அன்று தமிழகத்தை ஆண்ட அதிமுக, அச்சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தது. அந்தக் காலைப்பொழுதில் பெசன்ட் நகர்த் தெருக்களில் பெண்கள் சிலர் கோலமிட்டார்கள். கோலத்தோடு சில சொற்களும் இருந்தன: இந்தச் சட்டம் வேண்டாம், குடிமக்கள் பதிவேடு வேண்டாம். காவல்துறை வந்தது. கோலமிட்டவர்களை அழைத்துச் சென்று சமூகநலக் கூடம் ஒன்றில் வைத்தது. அவர்களுக்கு உதவ வந்த வழக்கறிஞர்களும் பிடிக்கப்பட்டார்கள். பிறகு அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். வழக்கு மட்டும் நின்றது.

அனுமதி பெறவில்லை என்பது காவல்துறை சொன்ன காரணம். தம் வீட்டின் முன் இப்படி வரைந்ததை ஒரு வீட்டுக்காரர் ஆட்சேபித்தார் என்றும் பின்னர்ச் சொல்லப்பட்டது. இவை இரண்டும் போதாதென்று, புத்தாண்டு பிறந்த கையோடு மாநகரக் காவல் ஆணையரே செய்தியாளர்களைச் சந்தித்து, கோலமிட்டவர்களில் ஒருவருடைய முகநூல் பக்கத்தில் பாகிஸ்தானிய அமைப்பு ஒன்றின் பெயர் காணப்படுவதாகவும் அந்தத் தொடர்பை விசாரிப்பதாகவும் அறிவித்தார். அரிசி மாவில் தொடங்கிய விவகாரம் நான்கே நாட்களில் எல்லை கடந்துவிட்டது. மூன்று காரணங்களுக்கும் எடை வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றாகவே பார்ப்போம். மூன்றாவதற்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. ஒரு குடிமகள் சொன்னதற்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் அவள் யார் என்று தோண்டுவது பழைய உத்தி. அதை ஓர் ஆணையர் ஒலிபெருக்கிகளின் முன் உட்கார்ந்து செய்தார் என்பதே அதில் புதிது.

முதற்காரணமான அனுமதிதான் நின்று பார்க்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில் கோலத்துக்கு அனுமதி கேட்டவர் எவரேனும் உண்டா? வீட்டின் படிக்கு வெளியே, மாநகராட்சிக்குச் சொந்தமான தெருவில், விடியலில் ஒரு பெண் தண்ணீர் தெளித்து நான்கடிப் பரப்பைத் தனதாக்கிக்கொள்கிறாள். அதை எழுத்து என்று நாம் ஒப்புக்கொண்டதில்லை. இலக்கிய வரலாறுகளில் அதற்கு அத்தியாயம் கிடையாது. இருந்தும் பொதுவெளியில் பெண்ணின் கை நாள்தோறும் எழுதிவந்த ஒரே எழுத்து, பல தலைமுறைகளாக, அதுதான். நண்பகலுக்குள் கால்களும் சக்கரங்களும் அதை அழித்துவிடும். ஆண்டுதோறும் ஜனவரியில் மயிலாப்பூர்த் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கிறது. தெருவை அடைத்துக் கட்டம் பிரித்துக் கோலம் போடுகிறார்கள், நல்ல விஷயம்தான், நாங்களும் போய்ப் பார்த்திருக்கிறோம். அங்கே காவலர் வண்டிகளைத் திருப்பிவிடுகிறார். ஆக, தெருவில் கோலமிடுவது சிக்கலன்று. கோலத்துக்குள் ஒரு சொல் நுழைந்ததுதான் சிக்கல். அனுமதி தேவைப்பட்டது மாவுக்கன்று, ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு.

இந்த அனுமதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் 1888-க்குப் போய்ச் சேர்வோம். அவ்வாண்டு இயற்றப்பட்ட சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தவும் தடுக்கவும் ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. ஆணை 15 நாட்களுக்குச் செல்லும். 15 நாள் முடிந்ததும் அடுத்த 15 நாளுக்கு இன்னோர் ஆணை, அது முடிந்ததும் இன்னொன்று. கூட்டம் நடத்த விரும்புவோர் ஐந்து நாட்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அசாதாரண நிலைமைக்கென வைத்த தாழ்ப்பாளைச் சென்னை நகரம் நிரந்தரமாகப் போட்டுவைத்திருக்கிறது. ஆண்டின் எல்லா நாட்களும் அசாதாரணமான நாட்கள் என்றால், ஒன்று நாம் தீராத கலவரத்தில் வாழ்கிறோம், அல்லது ஆணையை எழுதுகிறவர் தேதியை மட்டும் மாற்றி எழுதுகிறார். ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972-இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தெருவில் கூடும் உரிமையை அரசு ஒழுங்குபடுத்தலாம், இல்லாமலாக்க முடியாது என்று தெளிவாக்கியது. தீர்ப்பு சட்ட நூல்களில் இருக்கிறது. தாழ்ப்பாள் கதவில் இருக்கிறது.

இரண்டாவது காரணம்: வீட்டுக்காரர் ஆட்சேபித்தார். எங்கள் நண்பர்கள் சிலருக்கு இது நியாயமாகப் பட்டது. “என் வாசலில் என் கருத்துக்கு மாறானதை எழுத நீ யார்?” என்று ஒருவர் கேட்டால் அதில் தவறென்ன என்றார்கள். தவறில்லை. அவருக்கு ஆட்சேபிக்க முழு உரிமை உண்டு. ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்து அழித்திருந்தாலும் நாங்கள் கேள்வி கேட்டிருக்க மாட்டோம். பக்கத்தில் மாற்றுக்கோலமே அவர் போட்டிருக்கலாம். எங்கள் கேள்வி அவரைப் பற்றியதன்று. ஆட்சேபிப்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர், இருவருக்கும் நடுவே சீருடை அணிந்த ஒருவர். இந்த மூன்றாமவருக்கு அங்கே என்ன வேலை? “அம்மா, இந்த வீட்டை விட்டுவிடுங்கள், சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றும், “ஐயா, அவர்கள் போய்விடுவார்கள், நீங்கள் உள்ளே போங்கள்” என்றும் சொல்லி இருவரையும் காப்பதுதானே காவல்? மாறாக, ஆட்சேபம் என்ற ஒன்று எழுந்ததும் அதையே காரணமாக்கிப் பேசியவரை அள்ளிக்கொண்டு போவது, ஆட்சேபிப்பவரின் அடியாள் வேலை. அவர்கூட அதைக் கேட்டிருக்க மாட்டார்.

இவ்விடத்தில் ஒரு திரைப்படத்தின் வழக்கை நினைவூட்டியாக வேண்டும். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் இட ஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்தது. அதன் அரசியல் எங்களுக்கு உவப்பானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தணிக்கை வாரியம் சான்றிதழ் தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. படம் வெளியானால் மக்கள் கொதிப்பார்கள், சட்டம் ஒழுங்கு கெடும் என்பது தமிழக அரசின் தரப்பு. 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காக ஒரு கருத்தை நசுக்கினால் அது மிரட்டுபவரிடம் சரணடைவதே ஆகும் என்றும், எதிர்ப்பாளர் கூட்டத்தைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, அவர்களைத் தடுத்துப் பேசுபவரின் உரிமையைக் காப்பது அதன் கட்டாயக் கடமை என்றும் நீதிபதிகள் கூறினார்கள். ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன்ராம் என்று சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு இது. நமக்குப் பிடிக்காத ஒரு தமிழ்ப் படத்தின் வழியாக, நமக்கு மிகவும் வேண்டிய ஒரு பாதுகாப்பு இந்தியச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. பிடிக்காத பேச்சுக்குக் காவல் இல்லையென்றால் பிடித்த பேச்சுக்கும் ஒருநாள் இல்லாமற்போகும் என்பதை மேடையில் சொல்வது எளிது; அந்தப் படத்தை நினைத்துக்கொண்டு சொல்வது சற்றுக் கடினம். நாங்கள் நினைத்துக்கொண்டுதான் சொல்கிறோம்.

கவனியுங்கள், நீதிபதிகள் அரசை விலகி நிற்கச் சொல்லவில்லை. வந்து குறுக்கே நில் என்றார்கள். இது ஏதோ இங்கே மட்டும் உதித்த எண்ணமுமன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1988-இல், ஆஸ்திரியாவில் கருக்கலைப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற மருத்துவர்களை எதிர்ப்பாளர்கள் குலைக்க முயன்றது தொடர்பான வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதையே சொன்னது: கூடுபவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது, அவர்கள் அச்சமின்றிக் கூடத் தேவையான ஏற்பாட்டையும் அது செய்தாக வேண்டும். இந்தியா 1979-இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு, அரசுகளுக்கு இரண்டு வினைகளை விதிக்கிறது. உரிமைகளை மதிக்க வேண்டும், உறுதிப்படுத்தவும் வேண்டும். மதிப்பதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். உறுதிப்படுத்தக் கையை அவிழ்த்தாக வேண்டும். நம் இலக்கியச் சூழல் முதல் வினையோடு நின்றுவிட்டது.

நிற்பதன் விலை என்ன என்பதை நாமக்கல் காட்டியது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன, பின்னர்க் கடையடைப்பும் நடந்தது. அப்போது அரசு தடை ஏதும் விதிக்கவில்லை, நூலைப் பறிமுதல் செய்யவில்லை. நம் வாக்கியத்தின்படி விலகித்தான் நின்றது. 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ ஒன்று கூட்டப்பட்டது. ஒரு நாவலாசிரியர் ஒருபுறம், எரித்தவர்களின் தரப்பு மறுபுறம், வருவாய்த்துறை அதிகாரி நடுவில். நிபந்தனையற்ற மன்னிப்பும் நூலைத் திரும்பப் பெறும் உறுதியும் தாளில் எழுதப்பட்டுக் கையொப்பம் வாங்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்ததும், நாம் எல்லோரும் பதறியதும் தெரிந்த கதை. நாம் பதறியது எரித்தவர்களை நோக்கி. எரித்தவர்களுக்கு நாற்காலி போட்டு, எழுதியவரிடம் பேனாவை நீட்டிய அந்த மேசையை நோக்கிப் போதுமான அளவு பதறினோமா? சாதி அமைப்புகளைக் கண்டித்த கட்டுரைகள் குவிந்தன. மாவட்ட நிர்வாகம் செய்தது மனித உரிமை மீறல் என்று நேராகச் சொன்னவை அவற்றில் குறைவு. “பாவம், அதிகாரிகள் என்ன செய்வார்கள், கலவரம் வராமல் பார்த்துக்கொண்டார்கள்” என்று சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமரசம் எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது என்பதற்காக, ஒரு கலைஞரைத் தன் நிலையிலிருந்து பின்வாங்கும்படி நெருக்குவதை ஏற்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எழுத்தாளர் திரும்பி வந்தார், எழுதினார், நாம் கொண்டாடினோம். கொண்டாட்டத்தில் ஒன்றை மறந்தோம். அந்தத் தீர்ப்பு புனைவெழுத்தாளருக்கான சலுகைச் சீட்டன்று. நாமக்கல் மேசையின் முன் நிற்க நேரும் எல்லோருக்குமானது.

மறந்ததற்கு அத்தாட்சி, மூன்றரை ஆண்டுகள் கழித்துப் பெசன்ட் நகரில் கோலம் அழிந்த அன்று நாம் காத்த மௌனம். கோலமிட்டவர்களில் எவரும் நாவல் எழுதியிருக்கவில்லை போலும். எங்களில் இருவர் அன்று மாலை அதே எலியட்ஸ் கடற்கரையில் நடந்துகொண்டு அவ்வாண்டின் சிறந்த சிறுகதைத் தொகுப்பு எது என்று விவாதித்தார்கள். விவாதித்ததில் பிழையில்லை. நானூறு அடி தள்ளி நடந்ததைப் பற்றி, “கோலம்தானே, விட்டுவிடுவார்கள்” என்று ஒரு வாக்கியத்தோடு கடந்ததுதான் இன்று உறுத்துகிறது. இதை வெளியே எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை, இங்கே சொல்கிறோம்.

“ஓரிரு மணி நேரத்தில் விட்டுவிட்டார்களே, இதைப் போய் மனித உரிமை என்று பெரிதுபடுத்தலாமா? சித்திரவதை, காவல் மரணம் என்று எத்தனை இருக்கின்றன!” என்பாரும் உண்டு. இருக்கின்றன. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க எங்களுக்குத் துணிவில்லை; வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் அனுமதிக்கப்பட்ட நேரம், அனுமதிக்கப்பட்ட இடம், அனுமதிக்கப்பட்ட சொல் என்று மட்டுமே குடிமக்களைப் பார்க்கப் பழகிய ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண் மென்மையான நகர்ப்பகுதியில், படித்த பெண்களைப் பார்க்கும்போது சமூகநலக் கூடத்தோடு நின்றுகொள்கிறது. வேறிடத்தில், வேறு மனிதர்களிடம் அது நிற்பதில்லை. பெசன்ட் நகரில் நின்றது காவல்துறையின் நல்லெண்ணத்தால் அன்று, பெசன்ட் நகர் என்பதால். ஊரூர்க் குப்பத்துக்காரரிடம் கேட்டால் இந்த வேறுபாட்டை நம்மைவிடச் சுருக்கமாகச் சொல்லுவார்.

அரசுக்குக் காக்கத் தெரியாது, நம் காவல்துறைக்கு அவ்வளவு ஆளில்லை, பயிற்சியில்லை என்பது இன்னொரு சமாதானம். இதையும் பெசன்ட் நகரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேறும். செப்டம்பர் 8 வரை திருவிழா. நகரின் நான்கு திசைகளிலிருந்தும் காவி உடுத்துக் கால்நடையாக மக்கள் வருவார்கள். போக்குவரத்து திருப்பிவிடப்படும், தடுப்புகள் வரும், காவலர் இரவெல்லாம் நிற்பார்கள். பிற மதத்தார் வாழும் தெருக்களின் வழியாக இலட்சக்கணக்கானோர் சென்று திரும்புகிறார்கள். அங்கே எந்த வீட்டுக்காரரின் ஆட்சேபமும் யாத்திரிகரைக் கைது செய்யக் காரணமாவதில்லை, ஆகவும் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வண்டிகளை நிறுத்தி, கடற்கரைச் சாலையைப் பிள்ளைகள் விளையாட விட்டதும் இதே பகுதியில்தான். ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று, அதைப் பிடிக்காதவரிடமிருந்து அதைக் காக்க இந்தக் காவல்துறைக்கு மிக நன்றாகத் தெரியும். பக்தரையும் விளையாடுபவரையும் காக்கத் தெரிந்த கைகள், ‘வேண்டாம்’ என்று சொல்பவரைக் கண்டால் மட்டும் மறந்துவிடுகின்றன.

இது ஒரு கட்சியின் நோய் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். கைதுக்கு மறுநாள் திமுக தலைவர்களின் வீட்டு வாசல்களில் அதே சொற்களோடு கோலங்கள் எழுந்தன. நாடே படம் பார்த்தது. 2021-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் தீர்மானமும் நிறைவேற்றியது. வரவேற்றோம். 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு மட்டும் அசையவில்லை. 2025 ஆகஸ்டில், பணி தனியாருக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகையின் முன் நடைபாதையில் இரவு பகலாக அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. உடனிருந்த வழக்கறிஞர்களும் பிடிக்கப்பட்டார்கள். அனுமதியற்ற இடத்திலிருந்து அகற்றுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் நள்ளிரவு எந்த ஆணையில் இருந்தது? இடம் தவறென்றால் சரியான இடத்தை மாற்றாகக் காட்டி, வண்டி வைத்து, பகலில் கொண்டுபோய் உட்கார வைத்து, அங்கே காவலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் தருவதுதான் உறுதிப்படுத்துதல். எந்த நிறக் கொடி பறந்தாலும் கோட்டையில் உட்காருபவருக்கு அந்தத் தாழ்ப்பாள் பிடித்துப்போய்விடுகிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டும் அது கைவிலங்காகத் தெரிகிறது.

எனவே நண்பர்களே, ‘விலகி நின்றால் போதும்’ என்ற வாக்கியத்தை இனி எங்கள் கூட்டறிக்கைகளில் எழுதுவதாயில்லை. அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. 41-ஆவது பிரிவின்கீழ் ஆணை பிறப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 15 நாட்களில் அப்படி என்ன அசாதாரணம் என்று காரணத்தைத் தமிழில் எழுதி வெளியிட வேண்டும். அனுமதி மறுக்கும்போது மாற்று இடத்தையும் நேரத்தையும் அதே தாளில் குறிப்பிட வேண்டும். ஒரு பேச்சை, ஒரு நூலை, ஒரு கோலத்தை எவரேனும் ஆட்சேபித்தார் என்று புகார் பதிவானால், பேசியவரைக் காக்க நிலையம் என்ன செய்தது என்பதும் பக்கத்திலேயே பதிவாக வேண்டும். ஆட்சியர் அலுவலகங்களில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் குடிமக்களிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கும் வழக்கத்தை, 2016 தீர்ப்பைச் சுட்டி, அரசு சுற்றறிக்கை மூலம் நிறுத்த வேண்டும். இவை எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

இவற்றை எழுதி உள்துறைச் செயலருக்கு அனுப்ப எங்களில் சிலர் தயாராயிருக்கிறோம். கையொப்பமிட விரும்பும் எழுத்தாளர்களை வரவேற்கிறோம். இம்முறை எழுத்தாளர்களோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. வாசலில் கோலமிடுகிறவர்களிடமும் கேட்கப்போகிறோம்.